நடுத்தண்டில் ஒரு துளை: ஊர் நகரக் கல்லறைச் செப்பு ஊசிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

தெற்கு ஈராக்கில் நடந்த எந்தப் பெரிய அகழாய்வின் பதிவேட்டைப் புரட்டினாலும் செம்பாலான ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். பச்சைக் களிம்பேறி, பல வேளைகளில் ஒடிந்து, விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை நீளும் தண்டு அது. ஒரு முனை கூராக இருக்கும். மறுமுனையில் தலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிலவற்றில் ஒரு துளை தெரியும். பொன்னும் நீலக்கல்லும் வெளிப்படும் குழியில் இவற்றை உற்றுப் பார்க்க ஆளுக்குப் பொழுதிருப்பதில்லை. எழுதுபவர் 'ஊசி' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. நூலைக் கோத்துத் தைப்பது ஒன்று. தோலைத் துளைப்பது ஒன்று, அதாவது செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் தமரூசி. போர்த்திய துணி நழுவாமல் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. இந்தக் கட்டுரையில் முதலாவதைத் தையலூசி என்றும், மூன்றாவதைக் குத்தூசி என்றும் குறிக்கிறேன். டைக்ரிஸ், யூப்ரட்டீசு நதிகளுக்கு இடைப்பட்ட பழைய நாடான மெசொப்பொத்தேமியாவின் கல்லறைகளில் கிடைத்த, தண்டின் நடுப்பகுதியில் துளையுள்ள செப்பு ஊசி இவற்றுள் எது என்பதும், அது எந்தச் சான்றுகளைக் கொண்டு முடிவாயிற்று என்பதுமே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. விடை பொருளின் வடிவத்தில் பாதிதான் இருந்தது. மறுபாதி, அது மண்ணுக்குள் எந்த எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருந்தது.

களம்

யூப்ரட்டீசு நதியின் பழைய கரையில் இருந்த ஊர் நகரம், இன்று நாசிரியா நகருக்கு அருகே தெல் அல்முகையர் என்னும் மேடாக இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் உடனே ஏதோ உறவு சொல்வதுபோல ஒலிக்கும். சுமேரிய மொழியில் நகரின் பெயர் உரிம். ஒலி ஒற்றுமையின்மேல் எதையும் கட்டி எழுப்ப இங்கு நான் முயலவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சேர்ந்து 1922 முதல் 1934 வரை அங்கே அகழாய்வு நடத்தின. தலைமை தாங்கியவர் லியோனார்ட் வுல்லி.

முதல் பருவத்திலேயே வெட்டிய சோதனைக் குழி ஒன்றில் பொன்மணிகள் கிடைத்தன. 'பொன் குழி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆயினும் வுல்லி அக்குழியை மூடி வைத்துவிட்டு ஏறத்தாழ 4 ஆண்டுகள் காத்திருந்தார். வேலையாட்களுக்கு இன்னும் கை பழகவில்லை, தமக்கும் அந்த மண்ணடுக்குகளின் காலவரிசை பிடிபடவில்லை என்பதே காரணம். இடையில் ஹமூதி என்னும் மேற்பார்வையாளரின் கீழ் ஆட்கள் தேர்ச்சி பெற்றார்கள். கண்டெடுத்த சிறு பொருளைச் சந்தையில் விற்பதைவிட அகழாய்வாளரிடம் ஒப்படைப்பதே லாபம் என்று தோன்றும்படி ஒவ்வொரு கண்டெடுப்புக்கும் அன்பளிப்பு கொடுக்கும் முறையும் ஊன்றியது. இந்தக் காத்திருப்பைப் பலர் ஓர் ஆய்வாளரின் தன்னடக்கமாகப் பாராட்டுவார்கள். ஊசி பற்றிய இந்த ஆய்வைப் பொறுத்தவரை அது அதைவிட மேலானது. அவசரப்பட்டு மண்வெட்டியால் அள்ளியிருந்தால் பொன் எப்படியும் தப்பியிருக்கும். ஒரு செப்புத் தண்டு தோளில் கிடந்ததா காலடியில் கிடந்ததா என்பது தப்பியிருக்காது.

1926-ல் கல்லறைத் தோட்டத்தில் முழு வேலை தொடங்கியது. சில பருவங்களில் ஏறத்தாழ 1,850 கல்லறைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் 16-ஐ வுல்லி அரச கல்லறைகள் என்றார். அவை கிமு 2600-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தவை. மற்றவை பெரும்பாலும் எளியவர்களுடையவை: கோரைப் பாயில் சுருட்டியோ, மரத்தாலோ களிமண்ணாலோ பிரம்பாலோ ஆன பெட்டியில் வைத்தோ, ஒருக்களித்து, முழங்கால் மடக்கி, வாயருகே ஒரு கிண்ணத்துடன் கிடத்தப்பட்ட உடல்கள். கூடவே மணிகள், காதணி, கத்தி, ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரை, ஓர் ஊசி. அந்த ஊசி ஆடையைப் பிடித்த ஊசியாகவோ, ஒருவேளை பிணத்தைச் சுற்றிய துணியைப் பிடித்த ஊசியாகவோ இருக்கலாம் என்று வுல்லி எழுதினார். இரண்டில் எது என்பதை அவர் தீர்க்காமல் விட்டது எனக்கு நேர்மையாகவே படுகிறது. எளிய கல்லறைகளில் பலவற்றுக்கு இன்றும் அதற்குமேல் சொல்வதற்கு இல்லை.

துளையின் இடம்

ஊசியின் துளையைத் தமிழில் காது என்கிறோம். காது இருந்தால் அது தையலூசி என்று கை தானாக எழுதிவிடும். மெசொப்பொத்தேமிய ஊசிகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தையலூசி துணியைக் கடந்து வெளியே போக வேண்டிய பொருள். அதனால் அதன் காது முனையை ஒட்டியே இருக்கும். காதைச் சுற்றி அகலம் கூடினால் துணி கிழியும். தலை என்று ஒன்று இருக்கவே முடியாது. குத்தூசி துணியில் தங்க வேண்டிய பொருள். அதற்குத் தலை வேண்டும். தலை ஒரு பக்கம் தடுக்கும், மறுபக்கம் நழுவாமலிருக்க வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடுதான் தண்டின் மேற்பாதியிலோ நடுவிலோ இடப்பட்ட துளை. துளையில் ஒரு கயிற்றைக் கட்டி, ஊசியைத் துணியின் இரு ஓரங்களிலும் செலுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையில் கயிற்றைச் சுற்றி மீண்டும் இழுத்துக் கட்டினால் ஊசி முன்னும் போகாது, பின்னும் வராது. கயிற்றின் மிச்ச நீளத்தில் மணிச் சரமோ முத்திரையோ தொங்கவிடலாம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. கையில் கிடைக்கும் பொருளோ இவ்வளவு ஒத்துழைப்பதில்லை. தலை பல வேளைகளில் செம்பால் ஆனதன்று. லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லாலோ சூதுபவளத்தாலோ ஆன குண்டு ஒன்றைத் தண்டின் உச்சியில் செருகி, நிலக்கீல் கொண்டு ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்து கல் உதிர்ந்துவிட்டால் தலையற்ற தண்டு மிஞ்சும். தண்டு துளைக்குச் சற்று மேலே ஒடிந்துபோனால், நடுத்துளை முனைத்துளையாகத் தோன்றும். பார்ப்பவர் அதைக் காதுள்ள தையலூசி என்றே எழுதுவார். துளையிட்ட இடம் தண்டின் மற்ற பகுதியைவிட நலிந்தது என்பதால் ஒடிவதும் அதையொட்டியே நிகழும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: களிம்பு துளையை முழுக்க அடைத்துவிட்டால், துளையே இல்லாத தண்டு என்று பதிவாகும்.

இவ்விரண்டாவது பிழையை ஊடுகதிர்ப் படம் தீர்த்துவைக்கிறது. உலோகம் எஞ்சியிருக்கும் உட்பகுதி படத்தில் தெளிவாகவும், களிம்பு மங்கலாகவும் தெரியும். அடைபட்ட துளை ஒரு கரும்புள்ளியாக வெளிப்படும். முதலாவது பிழையை ஒடிந்த முனையின் தோற்றத்தை வைத்து ஓரளவு பிடிக்கலாம்: தையலூசியின் காது முனையைத் தட்டையாகத் தட்டித் துளைத்தோ, மெல்லிய முனையை மடித்து வளையமாக்கியோ செய்யப்பட்டிருக்கும், முடிவு வழுவழுப்பாக இருக்கும். ஒடிந்த குத்தூசியின் முனையில் முறிவு தெரியும். களிம்பு அந்த முறிவையும் மூடிவிட்டால், வடிவத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்வது நின்றுவிடுகிறது.

800 என்ற எண்ணுள்ள கல்லறை

வடிவம் நின்ற இடத்திலிருந்து கிடந்த இடம் பேசத் தொடங்குகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று, வியப்பாக, செப்பு ஊசி அன்று, பொன் ஊசி.

வுல்லி 800 என்று எண்ணிட்ட கல்லறையின் அறையில், மர மஞ்சத்தின்மேல் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அருகே பணிப்பெண்கள் இருவர், ஒருவர் தலைமாட்டில், ஒருவர் கால்மாட்டில். உடலின் மேற்பகுதி முழுவதையும் பொன், வெள்ளி, நீலக்கல், சூதுபவளம், அகேட் மணிகள் மூடியிருந்தன. கழுத்திலிருந்து இடுப்பு வரை சரஞ்சரமாகத் தொங்கிய மணிப் போர்வை அது. வலக்கையின் மேற்பகுதியை ஒட்டி, நீலக்கல் தலையுள்ள நீண்ட பொன் ஊசிகள் மூன்று கிடந்தன. அவற்றுடன் மீன் வடிவத் தாயத்துகள், இரண்டு பொன்னால் ஆனவை, ஒன்று நீலக்கல். அமர்ந்திருக்கும் இரு மான்களைக் காட்டும் பொன் தாயத்து ஒன்று. பக்கத்தில் நீலக்கல் உருளை முத்திரைகள். அவற்றுள் ஒன்றில் எழுதியிருந்த பெயரை வுல்லியின் காலத்தில் 'ஷுப்அத்' என்று படித்தார்கள். அதே குறிகளை இன்று 'பூஅபி' என்று படிக்கிறோம். பெயருக்குப் பின் 'நின்' என்ற பட்டம் இருக்கிறது. அரசி, தலைவி என்று பொருள். கணவன் பெயர் எதுவும் முத்திரையில் இல்லை.

இந்த ஒரு குவியலில் ஊசி, முத்திரை, தாயத்து மூன்றும் தோளருகே சேர்ந்து கிடப்பதைக் கவனிக்க வேண்டும். கயிறும் துணியும் மட்கிப் போய்விட்டன. ஆனால் துளையுள்ள தண்டு, அதன் அருகே துளையுள்ள முத்திரை, துளையுள்ள மீன் என்று அடுத்தடுத்துக் கிடக்கையில், இடையில் ஓடிய கயிற்றைக் கண்ணால் காணாமலேயே வரைந்துவிடலாம். தைப்பதற்கு மூன்று பொன் ஊசிகளை யாரும் தோளில் செருகிக்கொள்ள மாட்டார்கள். கூந்தலுக்கானவை என்றால் தலையருகே கிடந்திருக்க வேண்டும். பூஅபியின் தலையணிகள் தலையிலேயே இருந்தன, பொன் நாடாவும் பொன் இலை மாலைகளும் பூக்கள் விரிந்த சீப்புமாக.

பொன் ஊசியிலிருந்து செப்பு ஊசிக்கு இறங்குவதற்கு இதே தோட்டம்தான் படிக்கட்டு. எளிய கல்லறைகளின் செப்பு ஊசிகள் அதே அமைப்பில், அதே நடுத்துளையுடன் இருக்கின்றன. பொருள் மட்டும் மலிவு. பொருள் மாறி வடிவம் மாறாதிருப்பதால் தொழிலும் மாறவில்லை என்று கொள்ளலாம். முத்திரையோடு சேர்ந்து கிடக்கும் செப்பு ஊசிக்கு இந்த முடிவை உறுதியாகச் சொல்லலாம். தனியே கிடக்கும் ஊசிக்கு அவ்வளவு உறுதி கிடையாது.

ஒரு வட்டம்

இங்கே ஒரு பிசகைச் சொல்லியாக வேண்டும். ஊர் நகரின் உப்பேறிய மண்ணில் எலும்புகள் மிக மோசமாக நொறுங்கியிருந்தன. பல கல்லறைகளில் உடல் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை எலும்பால் அறிய வழியிருக்கவில்லை. எனவே கத்தியும் கோடரியும் இருந்தால் ஆண், ஊசியும் மணிகளும் இருந்தால் பெண் என்று முடிவெடுக்கும் பழக்கம் வந்தது. பிறகு அதே பட்டியலைக் கொண்டு, 'குத்தூசி பெண்கள் அணிந்தது' என்று எழுதினால் கேள்வியும் விடையும் ஒன்றாகிவிடும். வுல்லி கொண்டுவந்து பாதுகாத்த எலும்புகளை 2003-ல் தியா மோல்லெசன், டான் ஹாட்ஜ்சன் இருவரும் மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆனால் எஞ்சியவை மொத்தத்தில் சிறு பங்கே. குத்தூசியைப் பெண்ணோடு சேர்ப்பதற்கு வேறு சான்றுகள் உண்டு, அவற்றைக் கீழே காணலாம். கல்லறைப் பொருள்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அதைச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை.

படமும் சொல்லும்

யூப்ரட்டீசின் நடுப்பகுதியில், இன்றைய சிரியாவில் இருக்கும் தெல் ஹரீரி என்னும் மேட்டில் 1933-ல் ஆந்த்ரே பரோ அகழ்ந்த மாரி நகரம், ஊர் அரச கல்லறைகளுக்கு ஏறக்குறைய சமகாலத்தது. அங்குள்ள கோயில்களில் கிடைத்த சிப்பிப் பதிப்பு உருவங்களில் பெண்கள் தோளைச் சுற்றிய போர்வையுடன் நிற்கிறார்கள். போர்வையின் ஓரங்கள் மார்பின்மேல் சேருமிடத்தில் நீண்ட ஊசி செருகியிருக்கிறது. அதிலிருந்து மணிச் சரங்கள் தொங்குகின்றன. கல்லறையில் கயிறு மட்கிப் போனதால் நாம் ஊகித்த ஏற்பாட்டைச் சிப்பி செதுக்கிய கை நேரில் பார்த்துச் செதுக்கியிருக்கிறது. அணிபவர் பெண் என்பதும் இங்கே எலும்பை நம்பி வரவில்லை.

சொல்லின் கதை இதைவிடச் சுற்று வழியானது. மெசொப்பொத்தேமியாவின் பழைய மொழிகளுள் ஒன்றான அகாடிய மொழியில் 'துதித்து' என்றொரு அணிகலன் பெயர் வருகிறது. 'துதித்தும்' என்பது அதன் பழைய வடிவம். இஷ்தார் தெய்வம் பாதாளத்துக்கு இறங்கிச் செல்லும் பாடலில் ஏழு வாயில்களிலும் ஒவ்வொரு அணியாகக் கழற்றப்படுகிறது: முதலில் மணிமுடி, பிறகு காதணி, கழுத்து மணி, நான்காம் வாயிலில் 'அவள் மார்பின் துதித்துகள்'. மார்பில் அணிவது என்று பாடலே சொல்வதால், சொல்லை மார்புப் பதக்கம் என்று மொழிபெயர்ப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அகராதிகளிலும் அப்படியே ஏறிவிட்டது.

கிமு 14-ஆம் நூற்றாண்டில் வட சிரியப் பகுதியை ஆண்ட மித்தனி மன்னன் துஷ்ரத்தா எகிப்துக்கு அனுப்பிய சீர்வரிசைப் பட்டியல்கள் அந்நாட்டின் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கின்றன. அவற்றில் துதித்துகள் தொகுதி தொகுதியாக வருகின்றன. பொன்னால் ஆனவை, உச்சி நீலக்கல்லால் ஆனவை என்ற குறிப்புகளுடன். பதக்கத்துக்கு உச்சி ஏது? 1983-ல் கிளைன் என்னும் ஜெர்மன் ஆய்வாளர் இத்தகைய குறிப்புகளையெல்லாம் தொகுத்து, துதித்து என்பது பதக்கமன்று, கல்லறைகளில் கிடைக்கும் குத்தூசியே என்று நிறுவினார். அதே ஆய்வாளர் 1992-ல் மெசொப்பொத்தேமியா, சிரியா இரண்டின் வெண்கலக் கால ஊசிகளையும் வகைப்படுத்திப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பொன் குழி மூடித் திறக்கப்பட்டதிலிருந்து எண்ணினால், பொருளும் அதன் பெயரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. பொருளைத் தோண்டியவர்களும் சொல்லைப் படித்தவர்களும் வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்திருந்ததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செம்பு வந்த வழி

குத்தூசி எதற்கு என்பது தெளிந்த பிறகு, எதனால் ஆனது என்ற கேள்வி எழும். மெசொப்பொத்தேமிய வண்டல் சமவெளியில் கல்லே அரிது. செப்புத் தாது அறவே இல்லை. டைக்ரிஸ் நதியின் மேற்பகுதியில், இன்றைய தென்கிழக்குத் துருக்கியிலுள்ள சாயோனு என்னும் குடியிருப்பில், உருக்கும் கலை தோன்றுவதற்கு முன்பே மக்கள் இயற்கைச் செம்பைத் தட்டி ஊசிகளும் தமரூசிகளும் செய்தார்கள். எர்கானி சுரங்கப் பகுதி அவர்களுக்குக் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தெற்கே ஊர் நகரத்தாருக்கோ ஒவ்வொரு ஊசியும் இறக்குமதிச் சரக்கு.

அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1920-களின் இறுதியில் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம் 'சுமேரியச் செம்பு' பற்றிய குழு ஒன்றையே அமைத்தது. ஹெரால்ட் பீக் அதில் முன்னின்றார். ஊர் முதலிய இடங்களின் செம்பில் சிறிதளவு நிக்கல் இருப்பதும், ஓமான் மலைகளின் தாதுவிலும் நிக்கல் இருப்பதும் அவர்கள் கண்ணில் பட்டன. சுமேரியப் பலகைகள் 'மகன்' (Magan) என்ற பெயரால் சொல்லும் நாடு ஓமான்தான் என்ற முடிவு வலுத்தது. நிக்கல் ஓமானுக்கு மட்டுமே உரியதன்று என்பதால் அச்சான்று தனியே போதாது. ஆயினும் பின்னாளில், உலோகத்திலுள்ள ஈயத்தின் அணுவகைகளைக் கொண்டு தாதுவின் பிறப்பிடம் தேடும் ஈய ஐசோடோப்பு ஆய்வுகளும் ஓமானில் கண்டறிந்த பழைய உருக்குமிடங்களும் அம்முடிவை மறுக்கவில்லை. பாரசீக வளைகுடா வழியாக, தில்முன் எனப்பட்ட பஹ்ரைனைத் தொட்டு, செப்புக் கட்டிகள் ஊர் துறைக்கு வந்தன. கல்லறைகளுக்குப் பல நூற்றாண்டு பிந்திய கிமு 1750-ஐ ஒட்டிய காலத்தில், இதே வணிகத்தில் இருந்த எயாநாசிர் என்பவருக்கு நன்னி என்பவர் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் அவர் வீட்டிலேயே கிடைத்தது: தரமான கட்டி தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதைத் தந்தாய் என்று. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செம்பைச் செய்பவர் கையில் ஊசி ஆவது எளிய வேலைதான். வார்த்த சிறு கம்பியைத் தட்டி நீட்டுவார்கள், தட்டத் தட்டச் செம்பு இறுகி வெடிக்கப் பார்க்கும், மறுபடி நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் இளகும், மீண்டும் தட்டலாம். கடைசித் தட்டலுக்குப் பின் காய்ச்சாமல் விட்டால் முனை கடினமாக நிற்கும். ஆர்செனிக் சிறிது கலந்த செம்பு இந்த வேலைக்குத் தூய செம்பைவிட நல்லது. கிமு மூன்றாம் ஆயிரத்தாண்டில் வெள்ளீயம் கலந்த வெண்கலமும் ஊர், கீஷ் போன்ற நகரங்களில் தென்படத் தொடங்குகிறது. எந்த ஊசி எந்தக் கலவை என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேற்பரப்போ களிம்பு, அதன் சேர்க்கை உள் உலோகத்தின் சேர்க்கையாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான விடை வேண்டுமானால் ஒரு துண்டு அறுக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தண்டில் துண்டு அறுப்பது சிறிய முடிவன்று.

களிம்பு

செம்போடு கூடப் பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்தம் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமை சொல்லும். அகழாய்வில் அது உவமையன்று, அன்றாடத் தொல்லை. தெற்கு ஈராக்கின் மண்ணில் உப்பு மிகுதி. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து களிம்புக்கு அடியில் தங்கிவிடும். பொருள் வெளியே வந்து காற்றின் ஈரம் பட்டதும் அது விழித்துக்கொண்டு வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி, எஞ்சிய உலோகத்தையும் தின்னும். பாதுகாப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். தடித்த கோடரி பல ஆண்டு தாங்கும். மெல்லிய ஊசிக்கு அவ்வளவு உடல் இல்லை. 1960-களிலிருந்து பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருளால் இதைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஈரப்பதத்தைக் குறைத்து வைப்பதே இன்றும் முதல் மருந்து.

ஆனால் இதே களிம்பு ஒரு நன்மையும் செய்திருக்கிறது. செம்பின் உப்புகள் கிருமிகளுக்கு நஞ்சு. ஊசியை ஒட்டியிருந்த துணி, மற்ற இடத்துத் துணி மட்கிய பிறகும், களிம்பில் ஊறி நூலின் முறுக்கும் நெசவின் ஊடும் பாவும் தெரியும்படி கல்லாக நின்றுவிடும். முன்காலத்தில் பளபளப்பு வேண்டி அமிலத்தாலும் மின்னாற்றலாலும் களிம்பை முழுக்க உரித்தார்கள். அந்த ஊசிகள் காட்சிப் பேழையில் அழகாக இருக்கின்றன, துணி பற்றிச் சொல்ல அவற்றிடம் ஒன்றுமில்லை. களிம்போடு விடப்பட்ட ஊசியில், துணி தண்டின் எந்தப் பகுதியில் எத்தனை அடுக்காக ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், குத்தூசியா அல்லவா என்ற கேள்விக்கும் ஒரு சான்று கூடும்.

தையலூசிகள் எங்கே

கல்லறைகளில் குத்தூசி மிகுந்தும் தையலூசி குறைந்தும் கிடைப்பதைக் கண்டு, அம்மக்கள் அதிகம் தைக்கவில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். இறந்தவருக்கு உடுத்தி அனுப்பினார்கள். உடுத்தும்போது குத்தூசி கூடவே போயிற்று. தையலூசி வீட்டுச் சாமான். வீட்டில் ஒடிந்தது தட்டாரின் உலைக்குத் திரும்பியது. செம்பை நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கிய நிர்வாகம் அது. 8 கிராமுக்குச் சற்று மேலான ஷெக்கல் என்னும் எடை வரை கணக்கெழுதியது. எலும்பால் செய்த ஊசியும் கைவசம் இருந்தது, விலையில்லாமல்.

இன்னொன்றும் உண்டு. தறியிலிருந்து இறங்கிய நீள்சதுரத் துணியை வெட்டாமல் உடலில் சுற்றுவதே அவர்கள் உடையின் அடிப்படை. சேலையும் வேட்டியும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் முந்தானை நிற்க ஓர் ஊக்கு போதும் என்பதும் தெரிந்ததே. அத்தகைய உடைக்குத் தையலூசியைவிடக் குத்தூசியே இன்றியமையாதது. தையலூசிக்கு வேலை இருந்தது சாக்கிலும் தோலிலும் படகுப் பாயிலும் கூடாரத்திலும். கனத்த செப்பு ஊசிகளுக்கு நம் கோணியூசியே நல்ல ஒப்பு.

குத்தூசியின் ஆட்சியை முடித்ததும் ஓர் ஊக்குதான். கிமு முதலாம் ஆயிரத்தாண்டின் முற்பாதியில், வில்லும் கொக்கியும் கொண்டு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் வளைந்த ஊக்கு மெசொப்பொத்தேமியாவுக்குள் வந்தது. கயிறு வேண்டாம், நடுத்துளை வேண்டாம். பச்சிளங்குழந்தைகளைக் கவரும் லமஷ்து என்னும் பேயை விரட்டும் தகடுகளில், அவளுக்குக் கொடுத்தனுப்பும் பொருள்களாகச் சீப்பும் நூற்கும் கதிரும் இருக்கும். அக்காலத் தகடுகளில் கூடவே வரைந்திருப்பது இந்த வளைந்த ஊக்கு.

இடம் இழந்தவை

2003 ஏப்ரலில் பாக்தாத் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, நிலவறைக் கிடங்கிலிருந்து மட்டும் ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகளும், ஊசி, மணி, தாயத்து, சிறு அணிகலன் என 5,000-க்கும் மேற்பட்ட சில்லறைப் பொருள்களும் போயின. பையில் போட்டு எடுத்துச் செல்லக்கூடியவை. பதிவு பெற்றவற்றின் நிலை இது; பாதுகாப்பற்ற மேடுகளில் கொள்ளையர் தோண்டி எடுத்தவற்றுக்குப் பதிவே இல்லை. 1990 ஆகஸ்ட் 6-க்குப் பின் ஈராக்கிலிருந்து முறையின்றி வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தை ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் தடை செய்கிறது. ஆனாலும் 'மெசொப்பொத்தேமியச் செப்பு ஊசி' என்ற பெயரில் சிறு தொகைக்குத் தண்டுகள் கைமாறுகின்றன. 'பழைய தொகுப்பிலிருந்து' என்பதற்குமேல் விற்பவர் எதுவும் சொல்வதில்லை.

அத்தகைய தண்டு ஒன்று ஆய்வு மேசைக்கு வந்தால் செய்யக்கூடியவை இவை: நீளம், தடிப்பு, எடை எழுதலாம், ஊடுகதிர்ப் படத்தில் துளை தேடி, அது முனையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளக்கலாம், ஒடிந்த முனையை உருப்பெருக்கியில் பார்க்கலாம், களிம்பில் துணிச் சுவடு உண்டா என்று பார்க்கலாம். துளை நடுவில் இருந்து, மேலே தலை அல்லது தலை இருந்த சுவடு இருந்தால், குத்தூசி என்று எழுதலாம். அதைப் பெண் அணிந்தாளா, ஆடையிலா பாடைத் துணியிலா, அதில் முத்திரை தொங்கியதா, அது ஊர் நகரத்ததா மாரி நகரத்ததா என்னும் வரிகளை அட்டையில் வெறுமையாக விட வேண்டியிருக்கும். வுல்லியின் எளிய கல்லறைகளில் மிக எளியதில், கோரைப் பாய்க்குள் ஒரு முத்திரையோடு கிடந்த களிம்பேறிய தண்டுக்கு இந்த வரிகளில் சிலவாவது நிரம்பியிருக்கின்றன.